அளந்தது சரி, பொருள் பொருந்தவில்லையா? நீள அளவை முழுதாக்கும்போது வரும் பிழைகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் உடுப்பு அலமாரி, சமையலறைப் பெட்டிகள், பூஜை மாடம், இழுப்பறைக் கட்டில் என்று மரவேலை செய்து கொடுப்பது என் தொழில். புதிதாகச் செய்யக் கூப்பிடுவதைப் போலவே, எங்கோ செய்து வந்து பொருந்தாமல் நிற்பதைச் சரிசெய்யவும் கூப்பிடுகிறார்கள். அப்படிப் போன இடங்களில் பலகை மோசம், கீல் மோசம் என்று நான் கண்டது அரிது. டேப் காட்டிய எண்ணுக்கும் தாளில் ஏறிய எண்ணுக்கும் நடுவில் யாரோ அதை 'ரவுண்டாக' ஆக்கியிருப்பார்கள். 918 என்பது 920 ஆகியிருக்கும். அந்த 2 மில்லிமீட்டருக்காக ஓர் அலமாரி கூடத்தின் நடுவில் படுத்துக் கிடக்கும்.

முழுதாக்குவதே தவறு என்று சொல்ல வரவில்லை. முழுதாக்காமல் எந்த வேலையும் நடக்காது. திரைச்சீலைக்கு மில்லிமீட்டர் பார்க்கிறவர் பொழுதை வீணாக்குகிறார். இழுப்பறைக்குச் சென்டிமீட்டர் பார்க்கிறவர் பலகையை வீணாக்குகிறார். எவ்வளவு நுணுக்கம் வேண்டும், மேலே முழுதாக்குவதா கீழே முழுதாக்குவதா என்பதை டேப்பை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

பொருள் ஏற்கெனவே பொருந்தாமல் நிற்கிறது என்றால், எதையும் இழைக்கவோ அறுக்கவோ தொடங்காதீர்கள். எத்தனை மி.மீ. தவறுகிறது, கூடுதலா குறைவா, எல்லா இடத்திலும் அதே தவறா, ஓரிடத்தில் மட்டுமா என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

அறிகுறி: இரண்டு சுவருக்கு நடுவில் நுழைய மறுக்கிறது

நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

*மேலே முழுதாக்கியிருக்கலாம்.* பள்ளிக்கூடத்தில் 5க்கு மேல் என்றால் மேலே, கீழ் என்றால் கீழே என்று கற்றோம். இடைவெளிக்குள் நுழைய வேண்டிய பொருளுக்கு அந்த விதி உதவாது. 918 ஆனாலும் 919 ஆனாலும் கீழேதான் போக வேண்டும்: 915. இடைவெளியை மூடவேண்டிய பொருளுக்கு, அதாவது திரை, மேசை விரிப்பு, சுவர் மறைக்கும் பலகை போன்றவற்றுக்கு, மேலேதான் போக வேண்டும். அளவுத்தாளை எடுத்துப் பாருங்கள். எல்லா எண்ணும் 0இலோ 5இலோ முடிந்தால், யாரோ முழுதாக்கிய எண் அது. சுவர் அப்படி எண் கொடுக்காது.

*ஒரே உயரத்தில் அளந்திருக்கலாம்.* இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். ஈசூனில் ஒரு புதுமனை புகுவிழாவுக்கு முந்தின நாள் மாலை பூஜை மாடத்தைக் கொண்டுபோய் இறக்கினோம். கண் உயரத்தில் சுவருக்குச் சுவர் 918 இருந்தது. அந்த உயரத்தில் மட்டுமே நான் அளந்திருந்தேன். அதை 920 என்று எழுதி, இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் தளர்வு என்று 918 அகலத்தில் மாடமும் செய்துவிட்டேன். தரையோரத்தில் 911தான் இருந்தது. அந்த வீட்டு அம்மா குத்துவிளக்கைத் துடைத்து வைத்துக் காத்திருந்தார். "தம்பி, காலையில் ஐயர் வருவார்" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு பக்கப்பலகை இரண்டையும் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய், உள்தட்டுகளைச் சுருக்கி, மறுபடி பொருத்தி முடிக்க இரவு இரண்டு மணி ஆயிற்று. அதன்பிறகு எந்த மாடத்தையும் மூன்று உயரத்தில் அளக்காமல் விட்டதில்லை.

செய்ய வேண்டிய சோதனை: தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், இடுப்பளவில், கூரையிலிருந்து ஒரு சாண் கீழே என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். பொருள் ஆழமானது என்றால் உள்சுவரை ஒட்டி மூன்று, வெளி விளிம்பில் மூன்று. ஆறு எண்ணில் மிகச் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி பார்க்காதீர்கள், அலமாரி சராசரி வழியாக நுழையாது. சிறிய எண்ணை அடுத்த 5க்குக் கீழே இறக்கி, சுவருக்குச் சுவர் அலமாரி என்றால் பக்கத்துக்கு 10 மி.மீ. விட்டு, அந்த இடத்தை ஃபில்லர் பட்டையால் மூடிவிடலாம். பார்க்கிறவர் கண்ணுக்கு அது வேலைப்பாடாகத்தான் தெரியும்.

*அளந்த பிறகு சுவர் தடித்திருக்கலாம்.* வெறும் சுவரில் அளவெடுத்துப் பட்டறைக்கு அனுப்புகிறார்கள். அதற்குள் டைல்காரர் வந்து ஒட்டிவிடுகிறார். டைலும் ஒட்டும் கலவையும் சேர்ந்து பக்கத்துக்கு 10 மி.மீ.க்கு மேல் தின்னும். தரை ஓட்டின் மேல் புதுத் தரை போட்டால் உயரமும் குறையும். அளவுத்தாளில் தேதியோடு 'டைலுக்கு முன்', 'டைலுக்குப் பின்' என்று எழுதும் பழக்கம் இருந்தால் இந்தச் சண்டையே வராது.

*மூலை செங்கோணமாக இல்லாதிருக்கலாம்.* மூலையிலிருந்து ஒரு சுவரில் 900, மறு சுவரில் 1200 குறித்து, இரண்டு குறிக்கும் நடுவே அளந்தால் 1500 வர வேண்டும். 1506 வந்தால் மூலை விரிந்திருக்கிறது. 600 ஆழமுள்ள பெட்டிக்கு அது சுமார் 5 மி.மீ. இடைவெளியாகத் தெரியும். 1494 வந்தால் மூலை ஒடுங்கியிருக்கிறது. இதுதான் ஆபத்து, பெட்டியின் முன்விளிம்பு முதலில் இடிக்கும்.

*அகலம் சரி, நிமிர்த்த முடியவில்லை.* இதை அகலப் பிழை என்று நினைத்துப் பக்கப்பலகையை இழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கூரை 2600 உயரம், அலமாரி 2550 உயரம், 600 ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் படுக்க வைத்த அலமாரியைத் தூக்கி நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் கூரையைத் தொடும். அது சுமார் 2620. 600 ஆழத்துக்கு 2600 கூரையின் கீழ் நிமிரக்கூடிய உயரம் 2529 வரைதான். அடிப்பீடத்தைத் தனியாகச் செய்து முதலில் வைத்து, மேற்பெட்டியை நிமிர்த்தி அதன்மேல் ஏற்றுவதே வழி. மின்தூக்கியின் வாசலையும் உள் மூலைவிட்டத்தையும் அதே நாளில் அளந்துகொள்ளுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: 3 மி.மீ. வரை என்றால் இழைப்புளியும் பொறுமையும் போதும். 10 மி.மீ. வரை என்றால் பெட்டியைக் கழற்றத் தெரிந்த தச்சர் வேண்டும். அதற்கு மேல் போனால் புதுப்பலகைதான் மலிவு. சுவரைச் செதுக்கிவிடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். வீவக வீட்டில் சுவரை இடிக்க அனுமதி வேண்டும். கட்டடத்தைத் தாங்கும் சுவர், தூண், உத்திரம் ஆகியவற்றையும், குண்டுவீச்சிலிருந்து தப்பக் கட்டிய காப்பறையின் சுவரையும் தொடவே கூடாது.

அறிகுறி: தவறு எப்போதும் ஒரே எண்

இது நல்ல செய்தி. எல்லாத் துண்டிலும் ஒரே அளவு தவறினால் காரணம் ஒன்றுதான், அந்த எண்ணே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

1 மி.மீ. அளவில் தவறினால் டேப்பின் முனைக் கொக்கியைப் பாருங்கள். அது தளதளவென்று ஆடுவதைப் பழுது என்று நினைத்துச் சுத்தியால் தட்டி இறுக்கிவிடுகிறார்கள். கொக்கி தன் தடிப்பளவு முன்னும் பின்னும் நகர வேண்டும். உள்ளே வைத்துத் தள்ளும்போதும் வெளியே மாட்டி இழுக்கும்போதும் ஒரே எண் வருவதற்கான ஏற்பாடு அது. ஒரு பலகையை வெளிப்புறமாக அளந்து, அதே பலகையைச் சுவரில் முட்ட வைத்துச் சுவரிலிருந்து மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.

3 மி.மீ. அல்லது அதன் மடங்கு என்றால் ரம்பம் தின்றது. 2440 நீளப் பலகையை நான்காக வகுத்து 610 என்று தாளில் எழுதினால் கணக்கு அழகாக இருக்கும். மேசை ரம்பத்தின் பல் ஒவ்வொரு வெட்டுக்கும் சுமார் 3 மி.மீ. எடுத்துக்கொள்ளும். மூன்று வெட்டு, 9 மி.மீ.; கடைசித் துண்டு 601. முதல் மூன்றும் சரியாக இருப்பதால் நான்காவதை அறுத்தவரைத் திட்டுகிறார்கள். பிழை அறுத்தவரிடம் இல்லை, தாளில் இருக்கிறது.

சரியாக 100 மி.மீ. என்றால், கொக்கி தேய்ந்திருக்கிறது என்று 10 சென்டிமீட்டர் கோட்டிலிருந்து அளந்து, பிறகு அந்த 100ஐக் கழிக்க மறந்திருக்கிறீர்கள். கவனமாக இருக்க நினைத்தவர்களுக்குத்தான் இது நேர்கிறது.

100ஐ ஒட்டி, ஆனால் சரியாக 100 இல்லை, 108, 112 என்று வந்தால் லேசர் அளவியைப் பாருங்கள். அளவை அதன் முன்முனையிலிருந்து எண்ணுவதா, பின்முனையிலிருந்து எண்ணுவதா என்று மாற்ற ஒரு பொத்தான் உண்டு. கை தவறிப் பட்டால் கருவியின் நீளமே கூடும் அல்லது குறையும்.

வித்தியாசம் 9இன் மடங்கு என்றால், 9, 27, 36, 180 என்று வந்தால், இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 1785 என்பது 1758 ஆனால் வித்தியாசம் 27. அடுத்தடுத்த இரண்டு இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும். கணக்கெழுதும் பிள்ளைகளுக்குத் தெரிந்த இந்த வித்தை எங்கள் தொழிலுக்கும் பொருந்தும்.

10 மடங்கு தவறினால் சென்டிமீட்டர், மில்லிமீட்டர் குழப்பம். தாளில் மில்லிமீட்டர் மட்டும், புள்ளி வைக்காமல் எழுதுங்கள். '60.5' என்று எழுதினால் புள்ளி கறையாகத் தெரியும், அல்லது தெரியாமலே போகும். 605 என்று எழுதினால் பேச்சுக்கே இடமில்லை.

இலக்கங்களைப் பற்றி இன்னொன்று. இங்கே ஓர் அளவுத்தாள் தமிழ் பேசுகிறவரிடமிருந்து மாண்டரின் பேசுகிறவரிடமும், அங்கிருந்து ஜொகூர் பாருவில் உள்ள பட்டறையில் மலாய் பேசுகிறவரிடமும் போகும். எங்கள் எல்லாருக்கும் பொதுவான மொழி அந்த எண்தான். 7இன் நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுங்கள், 1க்கு மேலே கொம்பு வைக்காதீர்கள். திரும்ப ஒரு தடவை பாலம் தாண்டி வரும் செலவை அந்தக் கோடு மிச்சப்படுத்தும்.

அறிகுறி: ஒவ்வொரு துண்டும் சரி, மொத்தம் தவறு

வகுத்து, முழுதாக்கி, பிறகு பெருக்கியிருக்கிறீர்கள். 2745 நீளத்தில் 7 சம கட்டம் வேண்டும். ஒரு கட்டம் 392.14. அதை 392 என்று எழுதி ஏழு முறை தொடர்ந்து குறித்தால் 2744இல் முடியும், 1 மி.மீ. குறையும். இது சிறிதுதான். ஆனால் ஒவ்வொரு குறியிலிருந்தும் அடுத்த குறியை அளக்கும்போது பென்சில் கோட்டின் தடிப்பும் சேரும். ஏழாவது குறியில் அது 4, 5 மி.மீ. ஆகியிருக்கும்.

தீர்வுக்குக் காசு செலவில்லை. எல்லாக் குறியையும் ஒரே முனையிலிருந்து, டேப்பை எடுக்காமல் குறியுங்கள். 392.14ஐ முழுதாக்காமல் வைத்து 1, 2, 3 என்று பெருக்கி, ஒவ்வொரு விடையையும் தனித்தனியாக முழுதாக்குங்கள்: 392, 784, 1176, 1569, 1961, 2353, 2745. சில கட்டம் 392, சில 393. எந்தக் கண்ணுக்கும் அந்த ஒன்று தெரியாது. கடைசிக் குறி சரியாக விளிம்பில் விழும்.

தரைக் கணக்கிலும் இதே பிழை வரும். 93 சதுர மீட்டர் வீட்டை, 'ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 10 சதுர அடி' என்று பெருக்கி 930 என்கிறார்கள். 10.764ஆல் பெருக்கினால் 1001. 71 சதுர அடி போனது. தரை ஒட்டுகிறவர் சதுர அடிக்கு விலை சொல்லும் ஊரில் அந்த 71 சதுர அடி உங்கள் பணம். பெருக்கி முடித்த பிறகு 1000 என்று முழுதாக்குங்கள், பெருக்கும் எண்ணை முழுதாக்காதீர்கள்.

அறிகுறி: அடி, அங்குலத்தில் சொன்னது மில்லிமீட்டரில் பொருந்தவில்லை

சிங்கப்பூர் 1970களில் மெட்ரிக் முறைக்கு மாறிய பிறகும் பேச்சில் அடி போகவில்லை. கட்டட வரைபடம் மில்லிமீட்டரில் இருக்கும். வீட்டுக்காரர் "எட்டடி ஏழங்குலம்" என்பார். பலகை விற்கிறவர் "எட்டுக்கு நாலு" என்பார்.

முதலில் பார்க்க வேண்டியது பெருக்கிய எண். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; 1959இல் பல நாடுகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட சரியான அளவு அது, பின்னம் எதுவும் மிச்சமில்லை. 8 அடி 7 அங்குலம் என்பது 103 அங்குலம். 25.4ஆல் பெருக்கினால் 2616. '2.5 சென்டிமீட்டர்தானே' என்று 25ஆல் பெருக்கினால் 2575. ஓர் அங்குலத்துக்கு 0.4 மி.மீ. ஒன்றுமில்லை என்று தோன்றும். 103 அங்குலத்தில் அது 41 மி.மீ.

அடுத்தது புள்ளி. "5.6 அடி" என்று நம்மவர்கள் எழுதினால் பெரும்பாலும் 5 அடி 6 அங்குலம் என்றே பொருள், அது 1676 மி.மீ. கணக்குப் பொறி அதை அடியின் பத்தில் ஆறு என்று எடுத்து 1707 தரும். 30 மி.மீ. அளவில் ஒரு தவறு வந்தால் இந்தப் புள்ளியைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். வாடிக்கையாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அக்கா, ஐந்தடி ஆறங்குலமா, ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் மேலா?" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

மூன்றாவது, நூல். தமிழ்நாட்டிலிருந்து இங்கே கட்டுமான வேலைக்கு வந்த தம்பிகளுக்கு நூல் கணக்கு கைவந்தது. 8 நூல் ஓர் அங்குலம். ஒரு நூல் 3.175 மி.மீ. "அண்ணே, இரண்டு நூல் குறையுங்கள்" என்றால் 6 மி.மீ. என்று எடுத்துக்கொள்வதில் கேடில்லை. ஏழு நூலை 21 என்று எடுத்தால்தான் 1 மி.மீ.க்கு மேல் போகும்; அது 22. நூலில் சொல்கிறவரைக் குறை சொல்லாதீர்கள். அவர் கண் ஒரு நூலுக்குப் பழகியிருக்கிறது, அது நல்ல கண். எழுதும்போது மட்டும் மில்லிமீட்டரில் எழுதுங்கள்.

பலகையையும் அளந்துதான் வாங்க வேண்டும். 'எட்டுக்கு நாலு' என்பது கணக்குப்படி 2438க்கு 1219. கடையில் 2440க்கு 1220 என்று விற்பார்கள். விளிம்பு அடிபட்டிருந்தால் பயன்படும் அளவு அதற்கும் கீழே போகும். அந்த 1, 2 மி.மீ.யை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள்.

அறிகுறி: இழுப்பறை சிக்குகிறது, அல்லது லொடலொடக்கிறது

இங்கே மட்டும் கஞ்சத்தனமாக முழுதாக்க வேண்டும். பக்கவாட்டில் பொருத்தும் குண்டு உருளைத் தண்டவாளம் பொதுவாகப் பக்கத்துக்கு 12.7 மி.மீ. கேட்கும், அதாவது அரை அங்குலம். 12 என்று முழுதாக்கினால் இரு பக்கமும் சேர்ந்து 1.4 மி.மீ. நெருக்கும், இழுப்பறை பாதியில் நிற்கும். 14 என்று விட்டால் ஆடும். 13 சரி. இரு பக்கத்துக்கும் சேர்த்து 26 கழித்துப் பெட்டி செய்யுங்கள்.

சிக்கும் இழுப்பறையைச் சோதிக்க, அதைக் கழற்றி முன்பக்கமும் பின்பக்கமும் அகலம் அளந்து பாருங்கள். பின்பக்கம் 1 மி.மீ. அதிகம் என்றால் பெட்டி கோணல், அளவு சரி. ஒட்டும்போது பின்பக்க அகலத்தை முன்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இரு பக்கமும் ஒரே அளவில் அதிகம் என்றால் மேலே சொன்ன 12.7 கதை. குறைவாக இருந்து ஆடுகிறது என்றால் தண்டவாளத்துக்குப் பின்னால் லேமினேட் துண்டு ஒன்றை வைத்துத் திருகுங்கள், அரை நாள் வேலை மிஞ்சும்.

அடுப்பு, கைகழுவும் தொட்டி ஆகியவற்றுக்கு மேடையில் போடும் துளையும் இதே வகைதான். தயாரிப்பாளர் தாளில் 560 என்றால் 560. அதை முழுதாக்க நமக்கு உரிமை இல்லை. கல் மேடையில் துளையை நீங்களே பெரிதாக்க முயலாதீர்கள். கல்காரரைக் கூப்பிடுங்கள், மூலையில் விரிசல் விழுந்தால் முழுப் பலகையும் போய்விடும்.

கண்ணாடிக்கு அதைவிடக் கண்டிப்பு வேண்டும். குளியலறைத் தடுப்புக்குப் போடும் கெட்டிப்படுத்திய கண்ணாடியைக் கெட்டிப்படுத்திய பிறகு அறுக்க முடியாது, அறுத்தால் நொறுங்கிவிடும். அந்த அளவை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். டைல் முடிந்த பிறகு கண்ணாடிக்காரரே வந்து அளக்கட்டும். தவறினால் பொறுப்பும் அவருடையது. சன்னலும் அப்படியே. வீவக வீட்டுச் சன்னல் வேலைக்குக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற சன்னல் ஒப்பந்தக்காரர்தான் வர வேண்டும், அளவெடுப்பதையும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

அறிகுறி: இருவர் அளந்தால் இரண்டு எண்

5 மீட்டர் நீளத்தில் இருவருக்கும் 2 மி.மீ. வித்தியாசம் என்றால், அது பிழையே அல்ல. டேப்பின் தொடக்கத்தில் ஒரு முட்டை வட்டத்துக்குள் I அல்லது II என்று ரோமன் எண் இருக்கும். II வகை டேப் 5 மீட்டரில் 1.3 மி.மீ. கூடவோ குறையவோ காட்டலாம். I வகை 0.6 மி.மீ. இது விதி அனுமதிக்கும் அளவு. ஒருவர் டேப் கூடுதலாகவும் மற்றவருடையது குறைவாகவும் காட்டினால் 2 மி.மீ.க்கு மேலேயே போகும். வீட்டுக்கு வாங்கும் லேசர் அளவிகளும் பல 1.5 அல்லது 2 மி.மீ. துல்லியம் என்றே சொல்கின்றன, திரையில் அரை மில்லிமீட்டர் காட்டினாலும். காட்டுகிற எல்லா இலக்கமும் நம்பத்தக்கவை அல்ல.

வெயிலைப் பற்றியும் கேட்பார்கள். எஃகு டேப்பின் அளவு 20 டிகிரி வெப்பத்துக்குக் குறிக்கப்பட்டது. நம் தாழ்வாரத்தில் 32 டிகிரி. 5 மீட்டரில் டேப் சுமார் 0.7 மி.மீ. நீளும். மரவேலைக்கு இது கணக்கில் வராது, மறந்துவிடலாம்.

வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் என்றால் எளியதிலிருந்து தொடங்குங்கள். டேப் நடுவில் தொய்ந்ததா? மூலையில் வளைத்துப் படித்தார்களா? வளைத்த டேப்பில் 2, 3 மி.மீ.யை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு முனையிலிருந்து சரியாக 1000இல் கோடு போட்டு, மறுமுனையிலிருந்து அந்தக் கோட்டுக்கு அளந்து கூட்டுங்கள். பிறகு இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் பாருங்கள். ஒன்று விலகினால், வளைவில்லாத எஃகு அளவுகோலோடு ஒப்பிட்டு விலகியதைத் தூக்கிப் போடுங்கள். ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடையில் நல்ல டேப் கிடைக்கும். ஒரு பலகையின் விலையைவிட மலிவு. ஒரு வேலையில் எல்லாரும் ஒரே டேப்பால் அளப்பதே எல்லாவற்றையும்விட மேல். டேப் 1 மி.மீ. பொய் சொன்னாலும் சுவருக்கும் பலகைக்கும் அதே பொய்யைச் சொல்லும், பொருள் பொருந்திவிடும்.

எண்ணில் சட்டப் பிரச்சினை இருந்தால், உதாரணமாகத் தரைவீட்டில் பக்கத்து வீட்டோடு எல்லைத் தகராறு என்றால், டேப்பைக் கீழே வையுங்கள். அது பதிவுபெற்ற நில அளவையாளரின் வேலை.

அறிகுறி: திரைச்சீலை தரைக்கு மேலே நிற்கிறது

தீபாவளிக்கு முந்தின மாதம் இந்தப் புகார் அதிகம். குறைத்து முழுதாக்கியிருப்பார்கள், அல்லது துணி டேப் இழுபட்டிருக்கும். நீண்டுபோன டேப் உண்மையைவிடக் குறைந்த எண்ணைக் காட்டும். திரைக்கு எஃகு டேப்பால் கம்பியிலிருந்து தரைவரை மூன்று இடத்தில் அளந்து, மிகச் சிறிய எண்ணிலிருந்து 10 மி.மீ. கழித்துத் தொங்கும் நீளம் என்று எழுதுங்கள். துணி வெட்டும் நீளத்தை மட்டும் மேலே, அடுத்த 5 சென்டிமீட்டருக்கு முழுதாக்குங்கள். மடிப்புக்கும் துவைத்தால் சுருங்குவதற்கும் தனியாகக் கூட்ட வேண்டும். பருத்தி என்றால் துவைத்துவிட்டுத் தைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே குட்டையாக வந்துவிட்டால் கீழ்மடிப்பைப் பிரித்துப் பாருங்கள், நல்ல தையற்காரர் 5 சென்டிமீட்டராவது உள்ளே விட்டிருப்பார்.

அறிகுறி: பொருத்தியபோது சரி, சில மாதம் கழித்துக் கதவு இறுகுகிறது

மிகச் சரியாக அளந்ததுதான் இங்கே பிழை. முழு மரப் பலகை நம் ஊர் ஈரக்காற்றைக் குடித்துக் குறுக்குவாட்டில் பருக்கும்; நீளவாட்டில் கிட்டத்தட்ட மாறாது. குளிரூட்டிய அறையில் கிடந்த பலகையை அளந்து, ஒரு மில்லிமீட்டர் மட்டும் விட்டுக் கதவு செய்து, சமையலறைப் பக்கம் மாட்டினால் இறுகத்தான் செய்யும். சுற்றிலும் 3 மி.மீ. விடுங்கள். அகலமான முழு மரக் கதவு என்றால் பூட்டுப் பக்கம் இன்னும் ஒன்று கூட்டுங்கள்.

சோதிக்க, அளவுத்தாளை நான்காக மடித்துக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் மேலிருந்து கீழாக இழுத்து வாருங்கள். பூட்டுப் பக்கம் மேலே மட்டும் சிக்கினால் மேல் கீலின் திருகு தளர்ந்து கதவு சாய்ந்திருக்கும்; திருகை இறுக்கினால் போதும், மரத்தைத் தொடாதீர்கள். முழு நீளமும் சிக்கினால் மரம் பருத்திருக்கிறது. மழைக்காலத்தில் இழைத்தால் வறண்ட மாதத்தில் இடைவெளி விரியும், ஆகவே சிக்கும் அளவு மட்டும், 1 மி.மீ.க்கு மேல் போகாமல் எடுத்து, இழைத்த விளிம்புக்கு அன்றே வண்ணம் பூசிவிடுங்கள். பூசாமல் விட்ட விளிம்பு வழியாகத்தான் ஈரம் மறுபடி ஏறும்.

கீலும் சரி, மரமும் சரி, ஆனாலும் சிக்குகிறது என்றால் நிலைக்கு ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நிலையே சாய்ந்திருந்தால் தச்சரைக் கூப்பிட வேண்டும். சிக்குவது வாசற்கதவாக இருந்து, அது தீத்தடுப்புக் கதவு என்றால் இழைப்புளியை எடுக்கவே கூடாது. அந்தக் கதவை விற்றுப் பொருத்தும் நிறுவனத்தாரே வந்து பார்க்கட்டும்.